வெந்த புண்ணுக்கு கொலாஜன் ஷீட்டா, தினசரிக் கட்டா, தோல் ஒட்டா?

அடுப்படியில் குழந்தை மேல் சாம்பார் கொட்டிவிடுகிறது. அல்லது விளாவாமல் வைத்த வெந்நீர் பெரியவர் தொடையில் சரிந்துவிடுகிறது. அவசரப் பிரிவில் வலிக்கு ஊசி போட்டு, புண்ணைக் கழுவி மூடிய பிறகு மருத்துவர் வெளியே வருகிறார். "கொலாஜன் ஷீட் போட்டுவிடலாமா, இல்லை ஆயின்மென்ட் வைத்துத் தினமும் கட்டு மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். ஷீட் என்பது விலங்குகளின் கொலாஜன் என்ற புரதத்தில் செய்து புண் மேல் ஒட்டும் மெல்லிய படலம். அதற்கு ஆகும் செலவையும் சொல்கிறார். யோசிக்க வீட்டாருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் சித்தப்பா ஃபோனில் வந்து "அதெல்லாம் காசு பிடுங்குற வேலை" என்பார். பக்கத்துப் படுக்கைக்காரரோ "எங்க பேரனுக்கு அதுதான் போட்டோம், தழும்பே இல்லை" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்த புண் வேறு வேறு.

என் கருத்தை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். புண் ஒரு நாளுக்குள் ஏற்பட்டது, அழுக்கோ சீழோ இல்லை, ஆழம் அதிகமில்லை: இந்த மூன்றும் பொருந்தினால் கொலாஜன் ஷீட் நல்ல தேர்வு. அடிபட்டது குழந்தை என்றால் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. ஆழமான புண்ணுக்கும் நாள்பட்டுச் சீழ் வைத்த புண்ணுக்கும் அதே ஷீட் வீண்செலவு. சில சமயம் சிகிச்சைக்கான நல்ல நாட்களையும் அது தின்றுவிடும். ஆகவே எந்த கம்பெனி ஷீட் நல்லது என்று விசாரிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "எவ்வளவு ஆழம் டாக்டர்?" என்பதைத்தான்.

ஆழம்தான் முதல் கேள்வி

தோலில் மேலே இருப்பது மெல்லிய மேல்தோல். அதன் கீழே தடித்த அடித்தோல். மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அந்த அடித்தோலுக்குள் இறங்கி இருக்கின்றன. மேல்தோல் முழுக்க வெந்து கழன்றுவிட்டாலும், இந்தக் குழிகளின் சுவரில் மிஞ்சியிருக்கும் செல்கள் பெருகி, பரவி, புதிய மேல்தோலை உண்டாக்கும். அடித்தோலின் மேற்பகுதி மட்டும் வெந்திருந்தால் அப்படிப்பட்ட குழிகள் நிறைய பிழைத்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், தழும்பும் பெரிதாக இருக்காது. அடித்தோலின் அடி வரை வெந்திருந்தால் குழிகள் கொஞ்சமே மிஞ்சும். ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், ஆறிய இடம் தடித்துப் புடைத்துக்கொள்ளும். முழு ஆழமும் போய்விட்டால் ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்து வந்துதான் மூட வேண்டும். சிறு புண் என்றால் நடக்கும், பெரிய புண்ணில் நடக்காது.

கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ஆழமில்லாத புண் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்கும். காற்றுப் பட்டாலே உயிர் போகும் வலி. ஆழமான புண் வெளிறியோ திட்டுத் திட்டாகச் செக்கச்சிவந்தோ இருக்கும். அழுத்தினாலும் நிறம் மாறாது. முழு ஆழமும் வெந்த இடம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பதப்படுத்திய தோலைப் போல விறைத்திருக்கும், வலி தெரியாது. "பாருங்க, வலியே இல்லேங்கறான், நல்ல பிள்ளை" என்று வீட்டார் நிம்மதி அடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அங்கே கவலைதான் பட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் ஆழத்தைச் சரியாகச் சொல்வது நிபுணர்களுக்கே கடினம். அனுபவமுள்ள மருத்துவர்களே ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறைதான் சரியாகக் கணிக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம், புண் ஒரே நிலையில் நிற்பதில்லை. நடுவில் செத்த பகுதி, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் தடுமாறும் பகுதி, வெளியே வெறுமனே சிவந்த பகுதி என்று மூன்று வளையங்கள் இருப்பதை டக்ளஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நடு வளையம் இரண்டு மூன்று நாட்களில் பிழைக்கவும் செய்யலாம், சாகவும் செய்யலாம். நீர்ச்சத்து குறைந்தாலோ, புண் காய்ந்துபோனாலோ, கிருமி புகுந்தாலோ ஆழமில்லாத புண் ஆழமாகிவிடும். நல்ல மூடல் எதுவாக இருந்தாலும் அது செய்யும் வேலை, இந்த நடு வளையத்தைக் காப்பாற்றுவதுதான்.

அதனால்தான் முதலுதவிக்கு இவ்வளவு முக்கியத்துவம். குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓட வேண்டும். பட்ட மூன்று மணி நேரம் வரை இதற்குப் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். பேனா மை, இட்லி மாவு, பற்பசை, காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். இவற்றைத் தடவிக்கொண்டு வந்தால், சுரண்டிக் கழுவுவதிலேயே குழந்தை பாதி உயிராகிவிடும், ஆழமும் தெரியாது.

அதே காரணத்துக்காக இன்னொன்று. தெருமுனை கிளினிக்கில் முதல் கட்டு போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், அங்கே வெள்ளை ஆயின்மென்ட் தடவாமல் சுத்தமான பிளாஸ்டிக் படலமோ பாரஃபின் துணியோ வைத்து மூடித் தரச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

ஷீட் எங்கிருந்து வருகிறது

கொலாஜன் நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதம். அடித்தோலின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி அதுதான். தசைநார், எலும்பு, விழிவெண்படலம் எல்லாவற்றுக்கும் அதுவே சட்டகம். அதன் அமைப்பைக் கண்டுபிடித்த கதைக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய மும்மைச் சுருள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அவர்கள் எக்ஸ்ரே படம் எடுத்த பொருட்களில் கங்காரு வால் தசைநாரும் ஒன்று. பக்கத்திலேயே அடையாறில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்குள்ள அரங்கத்துக்கு இன்றும் 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றுதான் பெயர். மாட்டுத் தோலைப் பதப்படுத்த ஆராய்ந்த அதே நிறுவனத்தில், தீப்புண்ணுக்கான கொலாஜன் படலங்கள் குறித்தும் பல ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது.

தோல் பதனிடுபவர்கள் குரோமியம் உப்பைக் கொண்டு கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புப் போடுகிறார்கள். அதனால்தான் செருப்பு அழுகுவதில்லை. புண்ணுக்குப் போடும் ஷீட்டில் தேவை இதற்கு நேரெதிர்: கொஞ்ச நாள் தாங்க வேண்டும், பிறகு போய்விட வேண்டும். பிணைப்பு குறைந்தால் உடம்பிலுள்ள கொலாஜனேஸ் நொதிகள் சீக்கிரமே அரித்துவிடும். அதிகமானால் வெளிப்பொருளாகவே உட்கார்ந்துகொள்ளும். பிணைக்கப் பயன்படுத்திய குளுட்டரால்டிஹைடு மிச்சமிருந்தால் செல்களுக்கும் ஆகாது. நல்ல ஷீட்டுக்கும் மட்டமான ஷீட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த அளவுதான். பாக்கெட்டைப் பார்த்து நம்மால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தியாவில் தீப்புண்ணுக்குப் பரவலாகப் போடுவது ஈரமான வகை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த திரவத்தில், மூடிய உறைக்குள் வரும். கொப்புளத் தோலை நீக்கி, புண்ணைக் கழுவி, ஷீட்டை சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீரில்) நன்றாக அலசிப் பாதுகாப்புத் திரவம் போன பிறகுதான் வைக்க வேண்டும். அலசாமல் வைத்தால் எரியும். புண்ணின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் நல்ல தோல் மேலும் படும்படி, அடியில் காற்றுக் குமிழி நிற்காமல் விரித்து வைப்பார்கள். முகத்தில் திறந்தே விடுவார்கள். கை காலில் மேலே பஞ்சுக் கட்டு வரும். குழந்தைகளுக்கு இதை மயக்கம் கொடுத்துச் செய்வதுதான் நியாயம்.

முதல் ஓரிரு நாளில் அடியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து, கோத்திருந்தால் சின்னதாக வெட்டி வடியவிட வேண்டும். பிறகு ஷீட் காய்ந்து, வெங்காயச் சருகு போல ஒட்டிக்கொள்ளும். அடியில் ஆறிக்கொண்டு வரும்போது ஓரம் தானாகத் தூக்கும். தூக்கிய ஓரத்தைக் கத்தரிக்கலாம், இழுக்கக் கூடாது. பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் முழுவதும் கழன்று விழும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் சொல்வதில்லை. ஆழமில்லாத புண்ணில் ஷீட்டின் கொலாஜன் உங்கள் தோலாக மாறுவதில்லை. புண்ணைத் தொடும் அடிப்பக்கம் கொஞ்சம் கரைகிறது; மீதி காய்ந்து உதிர்கிறது. அது செய்வது மூன்று வேலை: ஈரத்தைத் தக்கவைப்பது, திறந்து கிடக்கும் நரம்பு முனைகளை மூடுவது, கட்டு மாற்றும்போது புதுத் தோல் பிய்ந்து வராமல் பார்த்துக்கொள்வது. ஆற்றுவது உங்கள் அடித்தோல்தான். (கொலாஜன் பவுடர் குடித்தால் சீக்கிரம் ஆறுமா என்று கேட்கிறார்கள். வயிற்றுக்குப் போனால் அதுவும் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.)

வெள்ளை ஆயின்மென்ட்டோடு ஒப்பிட்டால்

சில்வர் சல்ஃபாடையசின் என்ற அந்த வெள்ளைக் களிம்பை 1968இல் நியூயார்க்கின் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகம் செய்தார். உடம்பில் பாதி வெந்து வந்தவர்கள் கிருமித் தொற்றில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் களிம்பு ஏராளமான உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. இன்றும் பெரிய, ஆழமான, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் புண்ணுக்கு அதற்கு இடம் உண்டு. மலிவு, எங்கும் கிடைக்கும், யாரும் தடவலாம்.

ஆனால் சிறிய, ஆழமில்லாத புண்ணுக்கு அது நல்ல தேர்வு இல்லை. வெள்ளி அயனி கிருமியைக் கொல்வதோடு, வளர வேண்டிய தோல் செல்களையும் தடுக்கிறது. தீப்புண் கட்டுகளை ஒப்பிட்டு 2013இல் புதுப்பிக்கப்பட்ட, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வில், இந்தக் களிம்பு மற்றப் பல கட்டுகளைவிட ஆறுவதில் பின்தங்கியதாகவே வந்தது. அடுத்த தொல்லை, களிம்பும் புண்ணின் கசிவும் சேர்ந்து வெளிர்மஞ்சளாக ஒரு ஏடு கட்டும். பார்க்கச் சீழ் மாதிரி இருக்கும். அதன் கீழே ஆழம் என்ன என்று மருத்துவருக்கே தெரியாது. அதன் மேல் கொலாஜன் ஷீட் ஒட்டாது. பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் முதலில் அதைத் தடவ வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்கள் ஆகியோருக்கு இது கூடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, தினசரிக் கட்டு. ஒட்டிய துணியை நனைத்து எடுத்து, களிம்பைக் கழுவி, மறுபடி தடவ வேண்டும். பெரியவர் பல்லைக் கடித்துக்கொள்வார். மூன்று வயதுக் குழந்தை இரண்டாவது நாளிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறும். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கக்கூட அப்புறம் யாரையும் கிட்ட விடாது. கொலாஜன் ஷீட்டின் உண்மையான ஆதாயம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஒரு முறை, மயக்கத்தில், முடிந்துவிடுகிறது. பிறகு வருபவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள், தொடுவதில்லை.

வேகமாக ஆறுமா? இங்கே கொஞ்சம் அடக்கிப் பேசுவதுதான் சரி. 2011இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, தீப்புண்ணும் நாள்பட்ட புண்ணுமாக 120 பேரின் குறிப்புகளை எடுத்து, கொலாஜன் போட்டவர்களையும் வழக்கமான கட்டுப் போட்டவர்களையும் ஒப்பிட்டது. முழுமையாக ஆறியதில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளிக்கு வசதியும், தோல் ஒட்டு (உடம்பின் வேறிடத்திலிருந்து தோலை எடுத்துப் புண்ணில் ஒட்டுவது) தேவைப்படுவது குறைவதும்தான் கொலாஜன் பக்கம் தெரிந்த நன்மைகள். "மூன்றே நாளில் ஆறிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல் "வித்தியாசமே இல்லை, எதற்கு வீண்செலவு" என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலி குறைவது ஒரு பலன் இல்லையா?

செலவுக் கணக்கையும் முழுதாகப் போட வேண்டும். ஷீட் விலை ஒரே நாளில் கண்ணை உறுத்தும். களிம்பு விலை உறுத்தாது. ஆனால் இரண்டு வாரம் தினமும் ஆட்டோ, கட்டுக் கட்டணம், பஞ்சு, துணி, வலி மருந்து, அப்பாவோ அம்மாவோ இழக்கும் கூலி எல்லாம் சேர்த்தால், உள்ளங்கை இரண்டு மூன்று அளவுள்ள புண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட அருகருகே வந்து நிற்கும். கிராமத்திலிருந்து டவுனுக்கு வந்து போகிறவர்களுக்கு ஷீட்டே மலிவாக முடிவதும் உண்டு. புண் பெரிதாகும்போதுதான் ஷீட்டின் செலவு எகிறும். (காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்கள் சேர்த்து, அவர் உடம்புப் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். குழந்தைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் ஷீட்டா களிம்பா என்பது இரண்டாம் கேள்வி; படுக்கையும் நரம்பு வழித் திரவமும்தான் முதலில்.) முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், ஷீட் வாங்குவதற்கு முன்பே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் நடப்பது கஷ்டம்.

ஷீட் போடவே கூடாத இடங்களும் உண்டு. இரண்டு நாள் கழித்து வந்த புண், நாற்றமடிக்கும் புண், மண்ணும் துணியும் ஒட்டிய புண் இவற்றில் போட்டால், கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். சாதாரண கொலாஜன் ஷீட்டுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. இங்கே வெள்ளி கலந்த ஃபோம் அல்லது நார்க் கட்டு மேல். மூன்றிலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், களிம்பு போல ஏடு கட்டாது. விலை ஷீட்டுக்குச் சளைத்ததில்லை. எனக்குப் பணமும் புண்ணும் இரண்டுமே நடுத்தரம் என்ற நிலையில், ஆழம் நிச்சயமில்லாதபோது, இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்: இடையிடையே திறந்து பார்க்க முடிகிறது.

பனிக்குடச் சவ்வு, வாழை இலை, மீன் தோல்

கொலாஜன் தொழிற்சாலையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வே கொலாஜன் படலம்தான். தோல் சிகிச்சையில் அதை 1910இலேயே பயன்படுத்திப் பார்த்தார்கள். மெல்லியது, நன்றாக ஒட்டும், வலியைக் குறைக்கும். ஆனால் தாய்க்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள் இல்லை என்று சோதித்து, பதப்படுத்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கிய சவ்வாக இருக்க வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி இப்படித் தயாரிக்கிறது. வங்கிச் சவ்வு கிடைத்தால் கொலாஜன் ஷீட்டுக்கு இணையாக ஏற்றுக்கொள்ளலாம்.

வாழை இலையைச் சொன்னால் சிரிக்க வேண்டாம். மும்பை மருத்துவர்கள் 1980களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும், பிறகு வாழை இலையையும் தீப்புண் கட்டாகப் போட்டுப் பார்த்து, முறையாக ஆய்வு செய்து, மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது வலிக்காது, விலை மிக அற்பம். ஆனால் அது மருத்துவமனையில் கிருமி நீக்கித் தயாரித்த இலை. கொல்லைப்புறத்தில் நறுக்கியதைக் கழுவி வைப்பதற்கு இது நியாயம் ஆகாது.

பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரத்து மருத்துவர்கள் திலாப்பியா மீனின் தோலை, நம் ஊரில் ஜிலேபி கெண்டை என்கிறோமே அதன் தோலை, கிருமி நீக்கித் தீப்புண்ணில் ஒட்டி நல்ல பலன் கண்டார்கள். அந்த முறையைப் பார்த்து, கலிஃபோர்னியாவில் காட்டுத் தீயில் பாதம் வெந்த கரடிகளுக்கும் கட்டினார்கள். அதிலும் வேலை செய்வது கொலாஜன்தான். இங்கே மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்காது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

ஆழமான புண்ணில் கதை வேறு

இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கும்போது புண் ஆழம் என்று தெரிந்துவிட்டால், எந்த ஷீட்டைப் போட்டுக் காத்திருப்பதும் தவறு. செத்த தோலின் மேல் கொலாஜன் ஒட்டாது. அடியில் அது அழுகத் தொடங்கும். அன்றைய யூகோஸ்லாவியாவின் மரிபோர் நகரில் சோரா யான்சேகோவிச் என்ற பெண் அறுவை மருத்துவர், வெந்த தோலை ரத்தம் கசியும் நல்ல அடுக்கு வரும் வரை மெல்லிய சீவல்களாகச் சீவி எடுத்து உடனே தோல் ஒட்டினார். 1970இல் அவர் அதை எழுதிய பிறகு உலகம் முழுக்க முறையே மாறியது. அதற்கு முன்பெல்லாம் தானாகக் கழலட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்றும் நம் ஊரில் சில இடங்களில் அப்படித்தான் காத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் ஆறாது என்று தெரிந்த புண்ணுக்கு முன்கூட்டியே ஒட்டுப் போடுவதுதான் கை விரல்களும் கழுத்தும் மடங்கிச் சுருங்காமல் காப்பாற்றும் வழி.

ஒட்டுக்கு வீட்டார் பயப்படுவது, "தொடையிலிருந்து தோல் எடுப்பாங்களாமே" என்றுதான். எடுப்பது மில்லிமீட்டரில் கால்பங்கு தடிமன். எடுத்த இடம் ஆழமில்லாத புண்ணைப் போலவே பத்துப் பதினான்கு நாளில் ஆறும். ஆனால் வலி, ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடத்தில்தான் அதிகம். அந்த இடத்துக்குக் கொலாஜன் ஷீட் அருமையாகப் பொருந்தும்: சுத்தம், புதிது, ஆழம் நிச்சயம். புண்ணுக்கு ஷீட் வேண்டாம் என்று சொன்ன அதே மருத்துவர், தோல் எடுத்த இடத்துக்கு ஷீட் எழுதித் தந்தால் குழம்ப வேண்டாம்.

எடுக்கவே தோல் மிச்சமில்லாத அளவுக்கு வெந்தவர்களுக்குத் தோல் வங்கிகள் உதவும். மும்பை சயான் மருத்துவமனை, கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் உண்டு. இறந்தவர்களிடமிருந்து முதல் சில மணி நேரத்தில் தானமாகப் பெற்ற தோல், கிளிசரினில் ஐந்து ஆண்டு வரை தாங்கும். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. சில வாரம் மூடியிருந்துவிட்டு உடம்பு அதை நிராகரிக்கும். அந்த அவகாசம்தான் தேவை.

சாதாரண ஷீட் போல உதிராமல், உடம்பிலேயே கரைந்துவிடும் கொலாஜன் என்று முழுப் பொருளோடு சொல்லத்தக்கது இன்னொரு வகை. பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) இயோனிஸ் யானஸும் 1981இல் வெளியிட்டது. இன்டெக்ரா என்ற பெயரில் 1996இல் அமெரிக்க அனுமதி பெற்றது. மாட்டுத் தசைநாரின் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் சேர்ந்த நுண்துளைச் சட்டகம். மேலே சிலிக்கோன் தாள். செத்த தோலை எடுத்துவிட்டு இதை வைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் ரத்தக் குழாய்களும் செல்களும் துளைகளுக்குள் வளர்ந்து, புதிய அடித்தோல் போன்ற ஒன்று உருவாகும். சட்டகம் மெல்லக் கரையும். பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு மிக மெல்லிய தோல் ஒட்டு. இரண்டு அறுவை சிகிச்சை, பெரிய அளவென்றால் லட்சங்களில் செலவு, நடுவில் தொற்று வந்தால் எல்லாம் போச்சு. எலும்போ தசைநாரோ வெளியே தெரியும் இடம், சுருங்கிய கழுத்தை விடுவிக்கும் அறுவை, சாதாரண ஒட்டு போதாத மூட்டு இவற்றுக்கு மட்டும் இது யோசிக்கத் தக்கது. இதையும் சாதாரண ஷீட்டையும் 'கொலாஜன்' என்ற ஒரே பெயரில் ரசீதில் போடுவதால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் கொலாஜன் ஷீட், தூள் எல்லாம் விற்கிறார்கள். அந்தப் புண்ணில் கொலாஜனை அரிக்கும் நொதிகள் அதிகம், அவற்றுக்கு இரையாக வெளியிலிருந்து கொலாஜன் கொடுத்தால் நம் திசு தப்பும் என்பது கருத்து. இருக்கலாம். ஆனால் பாதத்தின் மேல் அழுத்தம் குறையாமல், ரத்த ஓட்டம் பார்க்காமல், சர்க்கரை கட்டுப்படாமல் எந்த ஷீட்டும் அங்கே நிற்காது.

சரி சொல்வதற்கு முன்பும் பின்பும்

எந்த விலங்கு என்று கேளுங்கள். மாடு, பன்றி, மீன் மூன்றும் உண்டு. சமய நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது முக்கியம். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைவிட முக்கியம். பெரும்பாலான மருத்துவர்கள் கேட்டால் சொல்வார்கள், கேட்காமல் சொல்வது அபூர்வம். ஒரு வகை வேண்டாம் என்றால் இன்னொன்று வரவழைக்கச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு, மின்சாரம் பட்டது, அமிலம் பட்டது, கையையோ காலையோ முழுக்கச் சுற்றி வெந்தது என்றால், எந்தக் கட்டு என்ற பேச்சை நிறுத்திவிட்டுத் தீப்புண் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீப்புண் பிரிவு நெடுங்காலமாக இதற்கென்றே இயங்குகிறது.

ஷீட் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, புண்ணிலிருந்து நாற்றம், ஷீட்டுக்கு அடியில் கலங்கிய நீர், ஓரம் தாண்டிப் பரவும் சிவப்பு, ஷீட் வழுக்கி நகர்வது இவை தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். சின்னக் குழந்தைகளில் இன்னொன்று: புண் சிறிதாக, பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் கடும் காய்ச்சல், வாந்தி, பேதி, உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, துவண்டு போவது என்று வந்தால், அது புண்ணிலுள்ள கிருமியின் நச்சு உடம்பில் பரவியதாக இருக்கலாம். "வெயிலுக்கு வந்த காய்ச்சல்" என்று இரவு முழுக்கக் காத்திருக்கக் கூடாது.

பத்தாவது நாள் வாக்கில் ஒரு கட்டாயப் பார்வை வேண்டும். அன்று ஷீட் முக்கால்வாசி கழன்றிருந்தால் நல்லது. பதினான்கு நாளாகியும் ஒரு பகுதி ஈரமாக, அடியில் மஞ்சளாக இருந்தால் அந்த இடம் நினைத்ததைவிட ஆழம். அங்கே ஒட்டுத் தேவையா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் அதுதான். இன்னொரு ஷீட் வாங்கி மேலே போடுவதற்கல்ல.

ஆறிய தோல் வறண்டு அரிக்கும். தேங்காய் எண்ணெயோ மணமில்லாத கிரீமோ தினம் இரண்டு மூன்று முறை தடவி, ஓராண்டு வரை வெயில் படாமல் மூடிவைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்து ஆறிய இடம் இருந்தால், அது தட்டையாக இருக்கும்போதே, தழும்பு புடைக்காமல் அழுத்தி வைக்கும் இறுக்கமான அழுத்த உடைக்கு அளவெடுத்துவிடுங்கள். புடைத்த பிறகு அளவெடுக்கப் போனால் பலன் குறைவு.